டிவி தொடர் படப்பிடிப்பு செட்டில் காசு மிச்சம் பிடித்த ஐடியாவை என் காரில் கொண்டுவந்து ஒட்டியது யார்?

ராயபுரம்_ராக்கெட்

போன வாரம் மழையில் வடசென்னை கணேசபுரம் சுரங்கப்பாதைக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. காரில் நாலு பேர், நாலு பேரும் நனைந்து ஏறியவர்கள். சின்னவன் குளிருது என்று நடுங்கியதால் ஏசியை அணைத்துவிட்டேன். இரண்டே நிமிடத்தில் முன்கண்ணாடி பால் ஊற்றினதுபோல ஆகிவிட்டது. எதிரே வந்த தண்ணீர் லாரியின் விளக்கு மட்டும் மஞ்சள் உருண்டையாகத் தெரிகிறது.

கண்ணாடிக்குக் காற்று விடும் பட்டனைத் தேடினேன். இருந்தால்தானே கிடைக்கும்! திரையில் முதலில் வீட்டுப் படத்தைத் தொட வேண்டும், அப்புறம் விசிறி, அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அந்த ஆளின் தலைக்கு மேலே வளைந்த அம்புக்குறி. விரலில் ஈரம். முதல் இரண்டு தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை பாட்டு மாறியது. பின்னால் மாநகரப் பேருந்து விடாமல் ஹாரன் அடிக்கிறது. கடைசியில் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை இழுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த ஒரு சாண் வட்டத்தின் வழியாகப் பார்த்துத்தான் ஓரம் கட்டினேன்.

கார் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இப்போது எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய இப்படித்தான்.

ராத்திரி வீட்டுக்கு வந்து, கோபம் தீர ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கப்பல் தொடரைப் போட்டு உட்கார்ந்தேன். 1987-இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. கப்பல் முழுக்க வழவழவென்று கறுப்புப் பலகை, அதில் ஆரஞ்சும் ஊதாவுமாகக் கட்டங்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் அதைப் பார்த்து எதிர்காலம் என்றால் இதுதான் என்று வாயைப் பிளந்தவன் நான். ஆனால் அந்தப் பலகை எப்படி வந்தது தெரியுமா? செட்டில் ஆயிரக்கணக்கான சுவிட்சும் பல்பும் வைத்து ஒயர் இழுக்கக் காசு போதாது. மைக்கேல் ஒக்குடா என்ற கலைஞர் படலத்தில் கட்டங்களை அச்சடித்து, பிளெக்ஸிகிளாஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஒட்டி, பின்பக்கம் விளக்குப் போட்டார். வேலை முடிந்தது. நடிகர் எங்கே விரல் வைத்தாலும் கப்பல் கிளம்பும். பீப் சத்தத்தை அப்புறம்தானே சேர்க்கிறார்கள்!

ஸ்டார் ட்ரெக் குடும்பத்தில் முன்பும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1966-இல் முதல் ஸ்டார் ட்ரெக் வந்தபோது, வாரா வாரம் கப்பலை ஒரு கிரகத்தில் இறக்கிக் காட்டினால் செலவு தாங்காது என்றுதான் ஆளை மினுமினுவென்று கரைத்து அனுப்பும் கருவியையே யோசித்தார்கள். 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடரில் இடத்துக்கு இடம் உருமாற வேண்டிய கப்பல், போலீஸ் பெட்டி உருவத்திலேயே மாட்டிக்கொண்டதும் பட்ஜெட்டின் புண்ணியம்தான்.

ஆக என் கட்சி இது: டிவிக்காரன் காசில்லாமல் செய்ததைப் பார்த்து நாம் ஆசைப்பட்டோம். கார்காரன் நம் ஆசையைக் காட்டி அவன் காசை மிச்சம் பிடிக்கிறான். அப்பாவின் மாருதி 800-இல் நீலமும் சிவப்புமாக ஒரு கோடு, அதில் தள்ளுகிற ஒரு பிடி. கண்ணை மூடிக்கொண்டே தள்ளலாம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.


கொருக்குப்பேட்டை_கேட்

ரயில்வே கேட் போட்டிருக்கிறார்கள். அதனால் முழுசாகப் படித்தேன். கூட்ஸ் வண்டி இன்னும் தெரியவே இல்லை, அடுத்தவர் எழுதுங்கள்.


திருவொற்றியூர்_நிலா

வண்டிகளுக்கு மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால் திட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, பாதி சரி. திரை ஒன்றும் மலிவான சாமான் இல்லை. ஆனால் ரிவர்ஸ் கேமராவுக்கும் மேப்புக்கும் எப்படியும் ஒரு திரை வைத்தாக வேண்டும். வைத்த பிறகு, எடுக்கிற ஒவ்வொரு பட்டனும் லாபம். ஒரு பட்டன் என்றால் அதற்கு அச்சு, உள்ளே விளக்கு, ஒயர், கனெக்டர், லட்சம் தடவை அழுத்தினாலும் தாங்குமா என்ற சோதனை, வலது ஸ்டியரிங்குக்கு ஒன்று இடது ஸ்டியரிங்குக்கு ஒன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் நேரம். பட்டன் எங்கே என்று வண்டி வருவதற்கு வெகு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். திரை என்றால் வண்டி வித்த பிறகுகூட மாற்றலாம். மேலதிகாரிக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு உண்டா? “அப்புறம் அப்டேட்டில் பார்த்துக்கலாம்” என்ற வசனத்தை நான் எத்தனை மீட்டிங்கில் கேட்டிருக்கிறேன் தெரியுமா?

காற்று மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப், 2026-இலிருந்து இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு இவற்றுக்குக் கையில் தட்டுப்படுகிற பட்டனோ பிடியோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வைத்திருக்கிறது. கண்ணாடிக் காற்று அந்தப் பட்டியலில் இல்லை, பாவம் நீங்கள்.

ஒரு கேள்வி. மூட்டம் கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியேயா?


தண்டையார்பேட்டை_ஸ்பேனர்

அக்கா கேட்டதுதான் கேள்வி. பட்டனை விடுங்கள், முதலில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

உள்ளே என்றால் உங்கள் மூச்சும் ஈரத் துணியும்தான் காரணம். ஏசியைப் போட வேண்டும். குளிருக்காக இல்லை, காற்றைக் காய வைப்பதற்கு. டிகிரியைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏசியைப் போடலாம், பிள்ளைக்கும் குளிராது. வெளிக்காற்று உள்ளே வரும்படி வைக்க வேண்டும், உள்ளேயே சுற்ற விடக்கூடாது. நீங்கள் ஏசியை அணைத்தீர்கள், காற்றையும் உள்ளேயே சுற்ற விட்டிருப்பீர்கள். பால் ஊற்றாமல் என்ன செய்யும்?

வெளியே என்றால் ஏசி அதிகக் குளிரில் ஓடி, கண்ணாடி சில்லென்று ஆகி, நம்ம ஊர்ப் புழுக்கக் காற்று அதன்மேல் படிகிறது. ஐஸ் போட்ட சர்பத் டம்ளர் வேர்க்கிற மாதிரி. அதற்கு டிகிரியைக் கூட்டி, கண்ணாடிப் பக்கம் போகும் காற்றை நிறுத்தி, வைப்பர் போட்டால் போதும். கண்ணாடிக்குக் காற்று விட்டீர்கள் என்றால் இன்னும் மோசமாகும்.

எங்கள் குருநாதர் காலத்தில் வைப்பர் வேலை செய்யாத லாரிக்குப் பீடியைப் பிய்த்துப் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்துவிடுவார். தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடும். அதற்கு எந்த அப்டேட்டும் வராது.


ராயபுரம்_ராக்கெட்

விரல் கோடு விஷயம் இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே. முதலில் உள்ளே. ஓரம் கட்டியதும் பதற்றத்தில் ஏசியை 18-க்குத் தள்ளினேன். ஐந்து நிமிடத்தில் பக்கக் கண்ணாடி இரண்டும் வெளிப்பக்கம் மூடிக்கொண்டது. இரண்டு பாவத்தையும் ஒரே பயணத்தில் செய்திருக்கிறேன்.

ஆனால் ஸ்பேனர் அண்ணே, வைத்தியம் தெரிந்தாலும் மருந்து மூன்று படத்துக்குப் பின்னால்தானே இருக்கிறது?


மணலி_பெல்ட்டர்

ஸ்டார் ட்ரெக்கிலேயே எத்தனை நாள் இருப்பீர்கள்? அங்கே பசிக்கிறவனும் இல்லை, தண்ணீர் பிடிக்கிறவனும் இல்லை, சுவரில் சொன்னால் டீ வருகிறது. நமக்கான தொடர் தி எக்ஸ்பான்ஸ். முதல் எபிசோடிலேயே வருவது என்ன கப்பல்? சனியின் வளையத்திலிருந்து ஐஸ் அறுத்துக்கொண்டுவந்து செரஸ் என்ற குறுங்கோளில் இருக்கிறவர்களுக்குத் தரும் தண்ணீர் லாரி. அங்கே, விண்கற்கள் சுற்றும் பட்டையில், கல் உடைத்துக் கனிமம் அனுப்புகிறவர்கள் பெல்ட்டர்கள். அனுபவிப்பது பூமியும் செவ்வாயும். பெல்ட்டருக்குத் தண்ணீரும் அளவு, காற்றும் அளவு. பேச்சும் தனி பாஷை, அதைக் கேட்டு மேல்கிரகத்து ஆள் முகம் சுளிப்பான். “இன்னா” என்றதும் வேளச்சேரியில் ஒருவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கமும் அப்படித்தான். அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. 210 மெகாவாட்டில் மூன்று யூனிட், 600-இல் இரண்டு, இப்போது அதன் பக்கத்திலேயே 800 மெகாவாட்டில் இன்னொன்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எங்கள் மணலியில். எலக்ட்ரிக் காரில் புகை இல்லை என்று ஊரில் பெருமை பேசுகிறார்கள். சந்தோஷம். சாம்பல் எங்கள் பக்கத்துக் கொடியில் காயும் வேட்டியில் இருக்கிறது. எலக்ட்ரிக் கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் எக்சாஸ்ட் முகத்தில் அடிக்காமல் இருந்தால் எனக்கும் நிம்மதிதான். பெருமை பேசும்போது எங்கள் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அவ்வளவுதான்.

தொடர் 2015-இல் தொடங்கியது. மூன்று சீசனோடு சேனல் கைவிட்டது. ரசிகர்கள் காசு சேர்த்து, அமேசான் ஸ்டூடியோ இருக்கும் இடத்துக்கு மேலே விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டது, மொத்தம் ஆறு சீசன். நம்ம ஆட்கள் கட்அவுட் வைப்பதைக் கிண்டல் செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.


கொருக்குப்பேட்டை_கேட்

கூட்ஸ் வந்தது, போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறதாம். பக்கத்து ஆட்டோக்காரர் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார், காட்டினேன். “இந்தத் தொல்லைக்குத்தான் நான் ஆட்டோவில் கண்ணாடியே வைக்கல” என்கிறார். முன்கண்ணாடி இருக்கிறது, அவர் சொல்வது பக்கத்துக்கு.


காசிமேடு_கடிகாரம்

மச்சானோடு ஃபைபர் படகில் போய் வருகிறவன். கடலுக்குள் போனால் எல்லாமே ஈரம்தான். கையில் உப்பு, மீன் செதில், வலையின் அழுக்கு. படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் இருக்கிறது, இரண்டிலும் கொட்டைகொட்டையாக ரப்பர் பட்டன். அலையில் படகு குதிக்கும்போது ஒரு விரலைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்துவோம். விரலை ஊன்ற இடம் வேண்டும், அதுதான் முக்கியம். மச்சான் ஒருமுறை தொடுதிரை வைத்த பெட்டியை ஆசையாக வாங்கினார். ஒரே வாரம். சாரல் பட்டதும் அதுவே தன்னைத் தொட்டுக்கொண்டு வழி மாற்றிக் காட்டியது. இப்போது அது வீட்டில் ஷோகேஸில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில்.


திருவொற்றியூர்_நிலா

தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை உணர்கிறது, தண்ணீர்த் துளியும் அதேபோலத் தெரியும். அதனால்தான் அந்த ஆவி நடமாட்டம். “விரலை ஊன்ற இடம் வேண்டும்” என்பதை நாளைக்கு அப்படியே ஆபீஸில் சொல்லப்போகிறேன். குண்டும் குழியுமான ரோட்டில் கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு குறி பார்த்துத் தொடுவதும் கிட்டத்தட்ட அலைதான்.


எண்ணூர்_பழசு

நான் எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி இல்லை, கார். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, இங்கிலாந்து ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். லேலண்ட் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது 1955-இல். அதே வருடம்தான் திருவொற்றியூரில் என்ஃபீல்டும். எம்ஆர்எஃப்பும் 1946-இல் அதே திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கியதுதான். இந்த ரோட்டில் வண்டி சம்பந்தம் இல்லாத வீடு குறைவு.

நாங்கள் கேபின் பார்க்கும்போது ஒரு பழக்கம். சுவிட்ச் ஒவ்வொன்றும் கைக்கு வேறு மாதிரி தட்டுப்பட வேண்டும். ஒன்று உருண்டை, ஒன்று பட்டை, ஒன்றில் மேடு. ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவர் கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு கையால் படிக்க வேண்டும் அல்லவா.

இன்னொன்று. தூர்தர்ஷனில் சுஜாதாவின் என் இனிய இயந்திரா தொடராக வந்ததைப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? கதை நடப்பது 2021-இல். ஜீனோ என்ற இயந்திர நாய் வாய் ஓயாமல் பேசும். அதை எழுதிய அதே மனிதர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இருந்தபோது வாக்குப்பதிவு இயந்திரம் செய்த அணியில் இருந்தார். அந்த இயந்திரத்தில் என்ன இருக்கிறது? ஆளுக்கு ஒரு நீலப் பட்டன். அழுத்தினால் சிவப்பு விளக்கு, பீப். படிக்காதவரும் பார்வை மங்கியவரும் தடவிப் பார்த்து அழுத்துகிறார்கள். கதையில் பேசும் நாய், கையில் கொடுத்தது பட்டன்.


ராயபுரம்_ராக்கெட்

ஐயா, இதைத்தான் நான் இரண்டு பக்கம் எழுதிச் சொல்லப் பார்த்தேன்.

பேசும் நாய் என்றதும் பேசும் கார் ஞாபகம் வருகிறது. நைட் ரைடர், 1982. கறுப்பு போண்டியாக் டிரான்ஸ் ஆம், மூக்கில் ஓடும் சிவப்பு விளக்கு. அந்த விளக்கும் புதுச் சரக்கு இல்லை. அதே கிளென் லார்சன் 1978-இல் எடுத்த கேலக்டிகா என்ற விண்வெளித் தொடரில் இயந்திரப் படைவீரர்களின் கண்ணில் ஓடியதுதான். கிட் என்ற அந்தக் காரோடு பேசினால் போதும், எல்லாம் நடக்கும். ஆனாலும் டேஷ்போர்டைப் பாருங்கள், கல்யாண மண்டப சீரியல் செட் மாதிரி வரிசை வரிசையாகப் பட்டன். பறந்து தாண்டுவதற்கே தனிப் பட்டன். என் காரிடம் “கண்ணாடியைத் துடை” என்றேன். பெரியப்பாவுக்கு போன் போட்டது. அவர் ஒரு வருடமாக என்னோடு பேசாதவர், எடுத்துவிட்டார். அது வேறு கதை.


மணலி_பெல்ட்டர்

பெரியப்பா கதையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.


தண்டையார்பேட்டை_ஸ்பேனர்

கிட் கார் ஆளில்லாமல் ஓடும் காட்சியில் உள்ளே ஆள் இருந்தாராம், தெரியுமா? சீட் உறை மாதிரி தைத்ததற்குள் ஸ்டண்ட் டிரைவர் ஒளிந்துகொண்டு ஓட்டுவார். இன்றைய “லெவல் 2” வண்டியும் அதேதான். தானே பிரேக் போடும், தானே கோட்டுக்குள் நிற்கும் என்று விற்கிறார்கள். ஆனால் கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், முட்டினால் பொறுப்பு உங்களுடையது.

அதுவும் எந்தக் கோட்டுக்குள்? எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒரு வரிசை, அதன் ஓரம் மணல், மணலுக்கு நடுவில் வெள்ளைக் கோடு இருந்ததற்கான அடையாளம். கேமரா எதைப் பார்க்கும்? என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதை எப்படி அணைப்பது என்றுதான். அவசர பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

செலவு விஷயம் ஒன்று. போன மாதம் ஒரு வண்டி, தெருவில் பிள்ளைகள் அடித்த கிரிக்கெட் பந்து முன்கண்ணாடியில். முன்பெல்லாம் கண்ணாடி மாற்றினால் ரப்பர் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. மாற்றிய பிறகு அதற்கு மறுபடி குறி சரி செய்ய வேண்டும், பலகை வைத்து, அளந்து. அது என் ஷெட்டில் ஆகாது. பந்து அடித்த பையன் இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.


திருவொற்றியூர்_நிலா

கேலக்டிகா பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2004-இல் மறுபடி எடுத்த தொடர்தான் எனக்கு உயிர். எதிரி ஒரே நேரத்தில் எல்லாப் புதுக் கப்பல்களின் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து முடக்கிவிடுவான். தப்பிப்பது ஓய்வு பெறப்போகும் பழைய கப்பல். காரணம், அதன் தளபதி உயிரே போனாலும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கவிடமாட்டார். உள்ளே பேசுவதற்கு ஒயர் வைத்த டெலிபோன். நான் பகலில் வண்டியை இன்டர்நெட்டோடு இணைக்கும் வேலை பார்த்துவிட்டு ராத்திரி இதைப் பார்ப்பேன். அம்மா கேட்பார், சிரித்துக்கொண்டே பயப்படுகிறாயே ஏன் என்று.

அண்ணா, ஸ்டியரிங்கில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் அதற்கு நமக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கலாம். செட்டிங்கில் இருக்கும்.


ராயபுரம்_ராக்கெட்

கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.


ராயபுரம்_ராக்கெட்

இருக்கிறது! பட்டியலில் ஆறு வேலை. ரேடியோ, போன், மேப், சத்தத்தை நிறுத்து, திரையை அணை, பிடித்த பாட்டு. கண்ணாடி இல்லை.


திருவொற்றியூர்_நிலா

எழுதியவள் நான் இல்லை. சத்தியமாக.


தண்டையார்பேட்டை_ஸ்பேனர்

ஞாயிறு காலை வாருங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தில் ஷேவிங் நுரையை மெல்லிசாகத் தடவி, காய்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன், கொஞ்ச நாளைக்கு மூட்டம் பிடிக்காது. ஏசி ஃபில்டரையும் பார்ப்போம், நாலு மழைக்காலமாக மாற்றியிருக்க மாட்டீர்கள். நுரை டப்பா நீங்களே வாங்கி வரவும்.


ராயபுரம்_ராக்கெட்

வருகிறேன் அண்ணே. அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒரு பழைய ஈரிழைத் துண்டை மடித்து டேஷ்போர்டில் வைத்துவிட்டார். திரைக்கு நேர் கீழே.


கொருக்குப்பேட்டை_கேட்

திறந்துவிட்டார்கள். கிளம்புகிறேன். ஆட்டோக்காரர் பெரியப்பா ஏன் பேசவில்லை என்று கேட்கச் சொன்னார்.